வலது மட்கார்டில் ஈயம்

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையோடு சரி. கார் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பல் குத்துகிற தரகர்கள் எல்லோருக்கும் அவர் டொக்கு அண்ணன். கார் தகட்டில் விழுகிற பள்ளத்துக்குப் பட்டறைப் பேச்சில் டொக்கு என்று பேர். இருபது வயதிலிருந்து அதைத் தட்டி எடுத்தே சாப்பிட்டவர். தோள்பட்டை மக்கர் பண்ண ஆரம்பித்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பழைய கார்களைப் பார்த்து நிறை குறை சொல்கிற வேலைக்கு வந்தார்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வலது கை நடுவிரலின் முட்டி, மெல்லிய துணியில் சுற்றிய ஒரு பொடிக் காந்தம், டார்ச், முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ள ஒரு சாக்கு. தகடு தகடாகவே இருந்தால் காந்தம் கப்பென்று ஒட்டும். துருவை மறைக்கப் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருந்தால் ஒட்டாமல் நழுவும். காந்தம் வேண்டாம், தட்டின சத்தமே எனக்குப் போதும் என்பார். அது வெறும் ஜம்பம் இல்லை. கடையில் தர்பூசணியைத் தட்டுவார், புதுக் கதவைத் தட்டுவார். மருமகன் ஆசையாக வாங்கிவந்த அலமாரியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒன்றுமே சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்த கதையை மகள் இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

அவரிடம் நாற்பது வரிகள் கொண்ட ஒரு காகிதம் இருந்தது. ஒவ்வொரு வரியும் காரின் ஒரு பாகம். பார்த்து முடித்ததும் காரின் முன்னால் நின்றுகொண்டு, விற்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம் நிற்க, நாற்பதையும் சத்தமாகப் படிப்பார். அதுதான் அவருடைய முறை. தனியாகக் கூப்பிட்டுக் காதைக் கடிக்கிற வேலையே கிடையாது. யாராவது முகத்தைச் சுளித்தால் அந்த இடத்துக்குப் போய் அவர்கள் கண் முன்னால் மறுபடி தட்டிக்காட்டுவார். வாங்கு என்றோ வாங்காதே என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு வரியையும் விட்டுப் படித்ததில்லை.

அந்தக் காகிதத்தை நம்பித்தான் டாக்ஸிக்காரத் தம்பி அவரைத் தேடி வந்தான். முப்பது வயது இருக்கும். ஆறு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். வந்ததும் வராததுமாக விஷயத்துக்கு வந்துவிட்டான்.

“அண்ணே, மேட்டு வீட்டுக் கார் விலைக்கு வருது. வாங்கிச் சரி பண்ணிக் கல்யாணத்துக்கு விட்டா நல்லா ஓடும். நீங்க வந்து பாக்கணும்.”

மேட்டு வீட்டுக் கார் என்றால் ஊருக்கே தெரியும். கப்பல் மாதிரி நீளமான வெளிநாட்டுக் கார். அந்தப் பக்கத்தில் அதற்கு ஜோடி கிடையாது. மேட்டு வீட்டுப் பெரியவர் தானே ஓட்டிக்கொண்டு போவார். டிரைவர் கையில் கொடுத்ததே இல்லை. டொக்கு அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“எனக்கு இடுப்பு வலி தம்பி. குனிஞ்சு நிமிர முடியல. வேற ஆளு சொல்றேன்.”

“பரவால்ல, சரியாகட்டும். காத்திருக்கேன். வேற ஆளு வேணாம்ணே.” ஒரு அடி கிட்டே வந்தான். “நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. பதினோரு வருஷம் முன்னாடி பாலத்து வளைவுல வண்டி இடிச்சுச் செத்துப்போனாரே கண்டக்டர், அவர் பையன்.”

அவனே தொடர்ந்தான்.

“விடியக்காலம் மொத டூட்டிக்கு சைக்கிள்ல போனாரு. அடையாளம் தெரியாத வண்டின்னு எழுதி மூடிட்டாங்க. அம்மா மட்டும் அன்னைலருந்து அந்த மேட்டு வீட்டுக் காரத்தான் சொல்லிட்டிருக்கு. அப்பா செத்த அன்னைலருந்து நாலு நாள் அந்தக் கார் ரோட்டுக்கே வரலையாம். அது ஒரு சாட்சியா? நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அம்மா கேக்கல. அப்பா சட்டையில ஒரு பொத்தான் இல்லைன்னு ரெண்டு நாள் ரோட்டோரத்துல உக்காந்து மண்ணக் கிளறிட்டிருந்துச்சு. இப்பவும் அந்த வீட்டத் தாண்டும்போது வாய்க்குள்ள திட்டிட்டேதான் போகும்.”

“இப்ப நான் என்ன செய்யணும்?”

“நீங்க தட்டினா, முன்பக்கம் எப்பவாவது அடிபட்டுச் சரி பண்ணினதான்னு தெரிஞ்சிடுமில்ல?”

“தெரியும்.”

“அது போதும். அடிபட்டிருந்தா நேரா போலீசுக்குப் போவேன். இல்லைன்னா காரை வாங்கிப்பேன், எங்கம்மாவும் நிம்மதியா தூங்கும். உங்க வாயால வந்தா அம்மா நம்பும்ணே. அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

இதற்கு மேல் இடுப்பு வலி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் குறித்துக்கொண்டார்கள்.

தட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அந்த மட்கார்டை நிமிர்த்தியதே அவர்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், காலை பத்து மணி வெயிலில், பெரியவர் அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முன்பக்கம் வலது மட்கார்டு ஒரு சாண் அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. ஹெட்லைட் வளையம் நசுங்கியிருந்தது. கேட்டுத் தூணில் இடித்துவிட்டேன் என்றார் பெரியவர். தூணில் இடித்தால் பெயிண்ட் கீறும், சுண்ணாம்பு ஒட்டும், பள்ளத்தின் ஓரம் கூராக இருக்கும். இந்தப் பள்ளம் மெத்தென்று உள்வாங்கியிருந்தது. கார் பளிச்சென்று கழுவப்பட்டிருந்தது. இடித்த காரைக் கழுவிக்கொண்டு பட்டறைக்கு வருகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டார். பெரிய மனிதர், பெரிய கார். அந்தக் காரைத் தொடுகிற வாய்ப்பு வந்ததில் அவருக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹெட்லைட் வளையத்தைக் கழற்றியபோது உள்ளிருந்து ஒரு பித்தளைப் பொத்தான் விழுந்து உருண்டது. நாலு ஓட்டைப் பொத்தான். ஓட்டைகளில் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. நூலோடு இரண்டு இழை காக்கித் துணி.

சாயங்காலம் அதை மனைவியிடம் காட்டினார். அவள் வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாலத்து வளைவுச் செய்தி அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

“இது யூனிஃபார்ம் பொத்தான். காக்கிக்கு யாரும் சிவப்பு நூல் போட மாட்டாங்க. காலைல அவசரத்துல கைக்குக் கிடைச்ச நூல்ல அந்தக் கண்டக்டர் பொண்டாட்டி தெச்சு அனுப்பியிருக்கா.” பொத்தானை அவர் பக்கம் நீட்டினாள். “போய்க் குடுத்துட்டு வந்துடுங்க.”

“நாளைக்குப் போறேன்.”

நாளைக்கு என்றவர் நாளைக்கும் போகவில்லை, நாளன்றைக்கும் போகவில்லை. நாலு நாள் அந்த மட்கார்டோடுதான் குடித்தனம் பண்ணினார். பட்டி வேண்டாம், பழைய முறையில் ஈயத்தை உருக்கிப் பூசு என்று பெரியவர் சொல்லியிருந்தார். ஈயம் பூசத் தெரிந்த கை அந்த வட்டாரத்தில் அவருடையது ஒன்றுதான். தகட்டைச் சூடாக்கி, ஈயத்தை இழைத்து, மரக்கட்டையால் தள்ளி, அரத்தால் ராவி, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி முடித்துக்கொடுத்தார். அவர் வாழ்க்கையிலேயே ஆகச் சிறந்த வேலை அதுதான். அதற்குப் பிறகு பெரியவர் போன இடமெல்லாம் இவரைப் பற்றிச் சொன்னார். கை சுத்தமான ஆள், வாய் இறுக்கமான ஆள் என்று சொன்னார். தோள்பட்டை விட்டுப்போனபோது கார் பார்க்கிற வேலைக்கு ஆட்களை அனுப்பியதும் பெரியவர்தான். நாற்பது வரி ஆள் என்று ஊரில் வாங்கிய நல்ல பேருக்கு அந்த ஒரு வாய்மூடல்தான் அஸ்திவாரம்.

பொத்தான் மனைவியின் தையல் டப்பாவில் கிடந்தது. பொத்தான் தேடுகிற போதெல்லாம் அது அவள் விரலில் தட்டுப்படும். அப்போதெல்லாம் மெஷின் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். உள் அறையில் உட்கார்ந்திருக்கிற அவருக்கு அது கேட்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

கார் பார்க்கப் போகிற அன்று காலையில் மனைவி பொத்தானைக் காகிதத்தில் மடித்து அவர் சட்டைப் பையில் காந்தத்தோடு வைத்தாள்.

“படிச்சு முடிச்சதும் அவன் கையில குடுத்துடுங்க. என்ன வந்தாலும் வரட்டும். நான் இருக்கேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார்.

மேட்டு வீட்டுக் கார்க் கொட்டகை பூட்டியே கிடந்து புழுங்கியிருந்தது. கதவைத் திறந்ததும் எலிப்புழுக்கை நாற்றமும் பழைய தோல் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. பெரியவரின் மருமகள்தான் சாவியோடு வந்திருந்தாள். நாலு டயரும் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. ஒரு காலத்தில் முகம் பார்க்கலாம் போலிருந்த கறுப்புப் பெயிண்ட் சாம்பல் பூத்துக் கிடந்தது.

அவர் எப்போதும் செய்கிறபடி பத்தடி தள்ளி நின்று முதலில் வெறுமனே பார்த்தார். கதவு இடுக்குகள் மேலிருந்து கீழ் வரை ஒரே அளவில் இருக்கின்றனவா, ஏதாவது ஒரு பக்கம் தொங்குகிறதா என்று கண்ணாலேயே கோடு பிடித்தார். பிறகு சாக்கைப் போட்டு மண்டியிட்டார். கதவுக்குக் கீழே ஓடுகிற அடித்தகட்டைத் தட்டினார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் துரு தின்றிருந்தது. டார்ச்சின் பின்பக்கத்தால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது. கால் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தண்ணீர் இறங்கியிருந்தது, இடது பக்கம் மட்டும். சேஸிஸ் நம்பரைத் துடைத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பால் மாதிரி வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. ஃபேனைப் பிடித்துச் சுற்றியபோது இன்ஜின் முனகிக்கொண்டே சுற்றியது.

“இன்ஜின் இறுகிப் போகல. இதே பெரிய விஷயம்” என்றார்.

டாக்ஸிக்காரத் தம்பி கூடவே வந்துகொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆசை ஏறுவது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் அவன் கண் அடிக்கடி காரின் முன்பக்கம் போய்த் திரும்பியது.

“துரு கிடக்கட்டும் தம்பி, அத வெட்டி எறிஞ்சிட்டுப் புதுத் தகடு வெச்சுக்கலாம். இந்த மாதிரி காருக்கு இல்லாத சாமான்தான் ஆளக் கொல்லும். இங்க பாரு, கடிகாரத்த யாரோ கழட்டியிருக்காங்க. இத எங்க போய்த் தேடுவே? ஒயரெல்லாம் துணி சுத்தினது, தொட்டா பொடியாகுது. முழுசா மாத்தணும். இல்லைன்னா ஒரு நாள் கல்யாண ஜோடியோட எரிஞ்சு நிக்கும்.”

பேசப் பேச அவருக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. பின்பக்கம், இடது பக்கம், கூரை, டிக்கி என்று வலது மட்கார்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனார். அந்த நேரத்தில் மருமகள் உள்ளே போய்ப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“கொட்டகையில சத்தம் கேட்டா வெளிய கூட்டிட்டுப் போகணும்னு அடம். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாச்சு. பேச்சு வராது.”

பெரியவரின் உடம்பு பாதியாகியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. டொக்கு அண்ணனைப் பார்த்தார். பார்த்ததும் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வழிந்தது. நல்லதாக இருந்த இடது கை நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“யாரப் பாத்தாலும் இப்படித்தான் அழுவாரு. நீங்க கண்டுக்காதீங்க” என்றாள் மருமகள்.

“அண்ணே, அந்தக் காந்தத்தக் குடுங்க” என்றான் தம்பி. அவர் கொடுப்பதற்குள் அவனே கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நேராக வலது மட்கார்டுக்குப் போனான். மேல் வளைவில் வைத்தான், ஒட்டியது. கொஞ்சம் கீழே இறக்கினான், ஒட்டியது. ஹெட்லைட் பக்கத்தில் வைத்தான். காந்தம் நழுவி அவன் உள்ளங்கையில் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அண்ணே, இங்க ஒட்டலையே.”

டொக்கு அண்ணன் அந்த இடத்துக்குப் போனார். முட்டியால் தட்டினார். கனத்து, அடைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தன் கையாலேயே அடைத்த சத்தம். சட்டைப் பையில் பொத்தான் காகிதத்தோடு நெஞ்சில் உறுத்தியது. இப்போது எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான், ஒரு கை அசைவு போதும். போலீஸ் கண்ணுக்கு முன்னால் வந்தது. தெரிந்தே மறைத்தாயா என்ற கேள்வி வந்தது. அவரிடம் கார் காட்டிய அத்தனை பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். பயம்தான். நியாயம், தர்மசங்கடம் என்று அதற்கு அழகான பேரெல்லாம் வைக்க வேண்டாம், வெறும் பயம்.

“இது பட்டி இல்ல தம்பி, ஈயம். அந்தக் காலத்துல கம்பெனியிலேயே தகடு சேர்ற இடத்துல ஈயம் பூசித்தான் அனுப்புவாங்க. பழைய பெரிய கார் எல்லாத்துலயும் இருக்கும்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கம்பெனியில் ஈயம் பூசுவது நிஜம். பழைய கார்களில் அது இருக்கும் என்பதும் நிஜம். இந்தத் தொழிலில் ஊறியவனால் மட்டும்தான் இத்தனை நிஜத்தை அடுக்கி அப்படி ஒரு பொய்யைச் சொல்ல முடியும்.

பிறகு காரின் முன்னால் நின்று நாற்பது வரியையும் சத்தமாகப் படித்தார். பதினேழாவது வரி வந்தது. “முன் வலது மட்கார்டு. கம்பெனி ஈயம். அடிபட்ட குறை இல்ல.” குரல் கம்மவில்லை, தடுமாறவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரியவர் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி அங்கேயே செல்போனை எடுத்துவிட்டான். “அம்மா, அந்தக் கார் இல்லம்மா. ஆமா, டொக்கு அண்ணனே சொல்லிட்டாரு. இல்லவே இல்லம்மா.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரத்தில் அந்த அம்மாள் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். வற்றிப்போன உடம்பு, ஏறின நெற்றி, கையில் ஒரு துணிப்பை. காரை அவள் பார்க்கவே இல்லை. நேராகப் பெரியவரிடம் போய் அவருடைய விளங்காத வலது கையைத் தன் இரண்டு கையாலும் எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, உங்கள நான் பதினோரு வருஷமா வாயில வராததெல்லாம் சொல்லித் திட்டினேன். நீங்க படுக்கையில விழுந்தப்ப நல்லா வேணும்னு சந்தோஷப்பட்டேன். பாவி நான். என்ன மன்னிச்சிடுங்க.”

பெரியவரின் தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. சொல்லாக வரவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மன்னித்துவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு டொக்கு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, நீ நல்லா இருக்கணும். என் மனசுல இருந்த விஷத்த எடுத்துட்டே.”

அவர் கை பை வரைக்கும் போனது. விரலில் காகிதம் தட்டுப்பட்டது. கையை வெளியே எடுத்து முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையில் கை விட்டுப் பார்த்தாள். காகிதத்தைப் பிரித்தாள். பொத்தானை டப்பாவில் போட்டு மூடினாள். அன்றைக்கு மெஷின் ஓடவே இல்லை.

தம்பி வாங்கிய காரைச் சரிபண்ண ஐந்து மாதம் பிடித்தது. வேலை ஒரு பெரிய பட்டறையில் நடந்தது. ஆனால் அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். மறுக்க அவரிடம் காரணம் இல்லை. அடித்தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்தார்கள். ஒயர் முழுவதும் மாற்றினார்கள். கடிகாரம் மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. பெயிண்டர் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே வந்து வலது மட்கார்டில் கை வைத்தபோது, “அத விட்டுடு, கம்பெனி ஈயம், கெட்டுப்போயிடும்” என்று தடுத்தார். மேலாக உப்புத்தாள் தேய்த்து அப்படியே அடித்தார்கள். அந்த ஐந்து மாதத்தில் அவரைக் கார் பார்க்கக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் நேரம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். நிஜத்தில், வேறு ஒரு காரைத் தட்டவே அவருக்குக் கை வரவில்லை. நாற்பது வரிக் காகிதம் பரணில் கிடந்தது. சாப்பாடு இறங்கவில்லை. மனைவி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொள்வாள். பேச்சு வார்த்தை வேண்டியதற்கு மட்டும்.

சாவி கொடுக்கிற அன்று காலையில் மனைவி அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டியிருந்தாள். போட்டுக்கொண்டு பொத்தான் மாட்டும்போது மேலேயிருந்து இரண்டாவது இடத்தில் விரல் நின்றது. மற்றதெல்லாம் வெள்ளைப் பொத்தான். அது மட்டும் பித்தளை. வெள்ளை நூலால் தைத்திருந்தாள். பழைய சிவப்பு நூலை அறுத்து எடுக்காமல் அதன் மேலேயே தைத்திருந்தாள். அவர் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

கொடியில் இன்னும் இரண்டு சட்டை காய்ந்து தொங்கியது. அதில் ஒன்றை எடுத்து மாற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாயால் சொல்ல முடியாதவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

பட்டறை வாசலில் கார் கறுப்பாக மின்னிக்கொண்டு நின்றது. தம்பி உள்ளே சாவியும் புத்தகமும் வாங்கிக்கொண்டிருந்தான். முதல் சவாரி அம்மாவுக்குத்தான் என்று சொல்லியிருந்ததால் அந்த அம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா தம்பி. நீயும் கூட ஏறு. உன்னாலதான...”

அவள் கண் அவர் நெஞ்சில் நின்றுவிட்டது. கிட்டே வந்தாள். பார்வை மங்கல்போல, நன்றாகக் குனிந்து பார்த்தாள். பிறகு விரலை நீட்டிப் பொத்தானின் ஓட்டைகளில் இருந்த சிவப்பு நூலைத் தடவினாள்.

“அன்னைக்குக் காக்கி நூல் தீந்துபோச்சு. டூட்டிக்கு நேரமாச்சுன்னு பறந்தாரு. இருந்த நூல்ல தெச்சு அனுப்பினேன்.” தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். “இது எங்க கிடைச்சுது உனக்கு?”

அவர் காரின் பக்கம் திரும்பினார். பக்கத்திலேயே நின்ற காரின் வலது மட்கார்டில், ஹெட்லைட் ஓரத்தில், நடுவிரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். டொக்கென்று அடைத்த சத்தம் வந்தது. அதற்கு மேலே ஒரு சாண் தள்ளித் தட்டினார். தகடு கணீரென்றது. மறுபடி பழைய இடத்தில் தட்டினார்.

அந்த அம்மாள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து தம்பி சாவியைக் குலுக்கிக்கொண்டு சிரித்தபடி வருவது கேட்டது. அவள் தன் இரண்டு கையையும் விரித்து உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு புடவையில் வைத்துத் தேய்த்தாள், அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

“அந்தக் கையப் பிடிச்சுகிட்டா நான் மன்னிப்புக் கேட்டேன்?” என்றாள்.